ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள்

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சமூக நீதி பேசுகிற ஒரு படித்த பெண்ணுக்கு இப்படி எரியலாமா என்று கேட்பீர்கள். ஏன், படித்தவளுக்கு வயிறு இல்லையா?

அவள் துணை ஆசிரியராக இருந்தது ஓர் ஆய்விதழில். மனநல ஆலோசனை கேட்டு வருகிற யாரையும், ஏழையோ உடல் குறை உள்ளவரோ, வாசலோடு நிறுத்திவிடக் கூடாது என்று பேசுகிற இதழ். வந்த கட்டுரையைச் செப்பனிடுவது, அதைப் போடலாமா என்று சொல்ல வேண்டிய, கெடு தாண்டியும் வாய் திறக்காத மதிப்பீட்டாளர்களைத் துரத்துவது, அடிக்குறிப்பு அத்தனையையும் சரிபார்ப்பது என்று அவள் மாடாய் உழைத்தாள். ஆசிரியர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தாள், நியாயம்தானே? அப்போதுதான் தேர்வுக் குழு இன்னொருத்தியையும் யோசிப்பதாகச் சேதி வந்தது. யார்? அவளுடைய ஓரகத்தி! கொழுந்தன் பெண்டாட்டி, சின்னவள்.

சின்னவள் ஓர் ஆலோசனை மையம் நடத்தினாள். ஓர் அடிக்குறிப்பு ஒழுங்காக எழுதத் தெரியாது. ஆனால் மேடையேறினால் கூட்டம் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். வீட்டிலும் அதே கதைதான். மாமியாரை மூட்டுவலிக்கு டாக்டரிடம் அழைத்துப்போய் வரிசையில் நிற்பவள் பெரியவள். 'என் தங்கம்' என்று கொஞ்சல் வாங்குவது சின்னவள்.

சின்னவள் எங்கே போனாலும் பாடுகிற பல்லவி ஒன்று உண்டு. ஆலோசகரின் நாற்காலியும் வந்தவரின் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு.

"வந்தவங்க நம்மள அண்ணாந்து பார்த்துப் பேசினா அது ஆலோசனை இல்லக்கா, விசாரணை" என்பாள். கேட்டுக் கேட்டுப் பெரியவளுக்குக் காது புளித்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. அந்த இதழில் எழுதியவர் யார் என்பது அலுவலக எழுத்தர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் பெயரை நீக்கிவிட்டு எண் போட்டுத் தருவார். ஆசிரியர்களுக்கும் தெரியாது, மதிப்பிடுபவர்களுக்கும் தெரியாது. பெரியவள் பிரித்தாள். முதல் பக்கத்திலேயே நாற்காலி! சின்னவளைத் தவிர வேறு யார்? போதாததற்கு இரண்டு மதிப்பீட்டாளர்களும் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். சிறப்பிதழின் முதல் கட்டுரையாகவே போடலாமாம். இது முதல் கட்டுரையாக வந்தால் குழு யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று ஜோசியமா கேட்க வேண்டும்?

இரண்டு பேர் சரி என்றால் மூன்றாமவர் தேவையே இல்லை. இருந்தாலும் அனுப்பினாள், அதுவும் அரிவாளுக்கு. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. அவர் கைக்குப் போன கட்டுரை முழுசாகத் திரும்பியதில்லை. ஆளை யாரும் பார்த்ததும் இல்லை, எல்லாம் மின்னஞ்சல்தான். தேர்வுக் குழுவிலும் அவர் இருந்தது கூடுதல் வசதி. எழுத்தர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. அவசரம் என்று சொல்லிக்கொண்டு அவளே அனுப்பினாள். கூடவே இப்படியும் எழுதினாள்: 'எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். வாய் சாமர்த்தியம் மட்டும்தான், ஆழம் கிடையாது. தயவுதாட்சண்யம் வேண்டாம்.'

அன்று ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் மேசைத் தொலைபேசி அடித்தது.

"வணக்கம்மா. நீங்க எல்லாரும் அரிவாள்னு சொல்றீங்களே, அந்த ஆள்தான் பேசறேன். என் கட்டுரைய எனக்கே அனுப்பியிருக்கீங்க."

"நீங்க... எழுதினதா சார்?"

"ஆமா. விபத்துக்கு அப்புறம் நான் சக்கர நாற்காலியிலதான் இருக்கேன். எல்லாரும் நின்னுக்கிட்டு, மேல இருந்துதான் பேசுவாங்க. ஒரே ஒரு அறையிலதான் என் முகத்துக்கு நேரா உட்கார்ந்து பேசினாங்க. அது உங்க ஓரகத்தியோட மையம். அங்க கத்துக்கிட்டததான் எழுதினேன். அவங்க எழுதினதுன்னு நினைச்சிட்டீங்க, இல்லையா?"

"சார், நான் வந்து..."

"பயப்படாதீங்க. நீங்க எழுதினது என்னோட போகட்டும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா என் ஓட்டு உங்களுக்கு இல்லம்மா. பேர மறைச்சுக் குடுத்தா நியாயமாப் பார்ப்பாங்கன்னு நம்பித்தானே எல்லாரும் எழுதறாங்க?"

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், இரண்டையும். ஒரே ஒரு ஓட்டில் சின்னவள் ஆசிரியரானாள்.

முதல் நாள் சின்னவள் அவளை அறைக்குக் கூப்பிட்டாள். பழைய ஆசிரியரின் உயரமான சுழல் நாற்காலியைக் காணோம். எதிரும் புதிருமாக இரண்டு சாதாரண நாற்காலிகள், ஒரே உயரத்தில். வந்துவிட்டாள் அம்மா, நாற்காலி மகராணி என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே பெரியவள் உட்கார்ந்தாள்.

சின்னவளின் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இது வேண்டவே வேண்டாம்னு சொன்னேன்க்கா. உழைச்சவங்க நீங்க, உங்களுக்குத்தான் குடுக்கணும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சினேன். பாதிப் பேர் சரின்னுட்டாங்க, இன்னும் ஒரு ஓட்டு போதும், அந்தப் பேராசிரியர்தான் பிடிவாதமா மாட்டேன்னுட்டாரு. ஏன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறாரு. உங்களுக்கு ஏதாவது தெரியுமாக்கா?"

பெரியவள் தலையைத் திருப்பப் பார்த்தாள். எங்கே திருப்புவது? கண்ணுக்கு நேரே கண். தனக்காகக் கெஞ்சியிருக்கிறாள்! இந்த மனசாவது தனக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்று நினைத்தபோது, அந்த மனசுக்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

"தெரியாதே" என்றாள்.

"சரி விடுங்கக்கா" என்று சின்னவள் தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.