கோணிக்கு வந்த புற்று

1982 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலையின் ஒரு வளைவில் வாய் கட்டிய கோணிப்பை ஒன்று கிடந்தது.

புளி ஏற்ற மேலே போய்க்கொண்டிருந்த லாரி அதை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும். பை அசைந்ததால் நின்றது. வாணியம்பாடிப் புளி வியாபாரி நசருல்லா இறங்கிப் போய், சணல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே பூனைக்குட்டிகள். ஒன்றைத் தவிர மற்றவை விறைத்துப் போயிருந்தன. அந்த ஒன்று அவருடைய கட்டைவிரலைக் கடித்தது.

வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. இன்னொரு பூனை வாசல்படி தாண்டினால் தான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக அவர் மனைவி கனீஸ் ஃபாத்திமா ஏற்கெனவே அறிவித்திருந்தார். அதனால் அன்று புளி எடை போட்டு வாங்கிய முதல் வீட்டிலேயே குட்டியை இறக்கிவிட்டார். அது மங்கம்மாளின் வீடு.

"இன்னா பாய், புளி வாங்க வந்தீங்களா, பூனை விக்க வந்தீங்களா?"

"சும்மாதாம்மா குடுக்குறேன். எலி புடிக்கும்."

"இதுவா? இத எலி தூக்கினு பூடும்."

பெயரை யாரும் யோசித்து வைக்கவில்லை. அந்தக் கோணிப்பூனை எங்கே, எங்கே என்று கேட்டுக் கேட்டு, மழைக்காலம் வருவதற்குள் அது கோணி ஆகிவிட்டது. சாம்பல் உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. மங்கம்மாள் சாமைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போனால் நாய் போலப் பின்னாலேயே போகும். அவள் குனிந்து வேலை செய்யும்வரை கல்வரப்பில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"பேரு வெச்சாச்சு, பாலு வெச்சாச்சு. அடுத்து ரேஷன் கார்டுல சேத்துடு" என்பான் அவள் கணவன் சின்னராசு.

"உன் பேர எடுத்துட்டு சேக்கலாம்னு கீறேன்."

வீட்டுக்குப் பின்னால் நிலம் சரியும் இடத்தில், நாவல் மரத்தடியில், இடுப்பு உயரத்துக்கு ஒரு பாம்புப் புற்று இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் மங்கம்மாள் அதற்கு மஞ்சள் பூசி, முட்டை வைத்துக் கும்பிடுவாள். காலை வெயில் முதலில் விழுவது அதன் உச்சியில்தான் என்பதைக் கோணி கண்டுபிடித்திருந்தது. மார்கழியில் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து மரத்தையும் வேலியையும் மூடிவிடும். புற்றின் தலை மட்டும் கொஞ்சம் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. அப்போது சுருண்டு கிடக்கும் பூனை, கீழே ஒன்றுமே இல்லாமல் பனியின்மேல் தூங்குவது போலிருக்கும். மங்கம்மாள் சாணிக்கூடையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நிற்பாள். கூப்பிடமாட்டாள். கூப்பிட்டால் விழுந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

1984 ஆடியில் கோணி புற்றோரத்தில் ஒரு பாம்புக்குட்டியைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து போட்டது. சின்னராசு அதைக் குச்சியால் எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை மங்கம்மாள் கூடுதலாக ஒரு முட்டை வைத்தாள்.

ஐப்பசியில் கோணிக்குச் சாப்பாடு குறைந்தது. கொல்லைக்கு வரும்போது பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் அது கொட்டாவி விட்டபோது மங்கம்மாள் கவனித்தாள்: ஈறும் நாக்கும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. தாடைக்குக் கீழே தடவினால் நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டிகள்.

சாமை ஏற்ற வந்திருந்த நசருல்லா பூனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக இறக்கிவைத்தார்.

"திருப்பத்தூர்ல மாட்டு டாக்டர் ஒர்த்தர் கீறாரு. பூனையும் பாப்பாரு. வண்டியில ஏறு."

"பூனைக்கு லாரி. எனக்குக் காய்ச்சல் வந்தா நடந்துதான் போறேன்" என்றான் சின்னராசு. சொல்லிக்கொண்டே மூங்கில் கூடையில் பழைய வேட்டியை மடித்துப் போட்டான்.

மருத்துவர் இளைஞர், அவசரப்படாதவர். பூனையின் காது நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் காயவிட்டு, சாயம் ஊற்றிக் கழுவி, வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு நகர்ந்து மங்கம்மாளைப் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். ஊதா நிறப் பொட்டுகள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு.

"ரத்தத்துல வெள்ளை அணுன்னு ஒண்ணு இருக்கும்மா. அளவாத்தான் இருக்கணும். இதுக்குப் பெருகிக்கிட்டே போகுது. ரத்தத்துல புத்து."

"புத்தா?"

"ஆமாம்மா. பூனைக்குப் பூனை பரவுற ஒரு கிருமியால வர்றது. குட்டியிலயே தாய்கிட்டேர்ந்து ஒட்டியிருக்கும். அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கிற சோதனை நம்மகிட்ட இல்லை. ஆனா புஸ்தகத்துல போட்டிருக்கிறது அத்தனையும் இதுக்கு இருக்கு. மாத்திரை தர்றேன், கொஞ்ச நாள் தெம்பா இருக்கும். குணமாகாது. ரொம்ப முடியாமப் போனா கொண்டுவாங்க, கஷ்டப்படாம தூங்கவைக்க ஊசி இருக்கு."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது மங்கம்மாளுக்கு எங்கோ பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல இருந்தது. மலையில் அந்த மாதிரி நோய்க்குக் கட்டி என்றுதான் பெயர். அவளுக்குத் தெரிந்த புற்று நாவல் மரத்தடியில் இருந்தது.

லாரி திரும்பி ஏறும்போது கூடை அவள் மடியில் இருந்தது.

"வெள்ளைன்றாரு. பாத்தா ஊதாவா கீது பாய்."

"சாயம் போடுவாங்கம்மா. அப்பதான் கண்ணுக்குத் தெரியும்."

"வெள்ளையா பெருகுதுன்னா கரையான்தான். கரையான்தான புத்து கட்டும்?"

நசருல்லா திரும்பிப் பார்த்தார்.

"இது அதும்மேலயே படுத்துக்கினு கெடந்துச்சு. போதாதுன்னு அதோட குட்டியவும் புடிச்சுது. சும்மா வுடுமா? இன்னான்னே தெரியாமதான் பயந்துகினு இருந்தேன் பாய். தெரிஞ்சிடுச்சு இல்ல, சரி பண்ணிடலாம்."

அவள் முகத்தில் இத்தனை நாள் இல்லாத தெளிவு இருந்தது. நசருல்லா வாயைத் திறந்தார். லாரி ஒரு வளைவில் திரும்பியது, அடுத்ததிலும் திரும்பியது. அவர் ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

என்ஜின் சூட்டில் மங்கம்மாள் கண்ணயர்ந்தாள். கனவில் கோணி ஒரு சிவப்பு மண் பாதையில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பாதையின் இரு பக்கமும் வெள்ளையாகச் சிறு சிறு உயிர்கள் மண்ணைச் சுமந்து போயின. ஒன்றும் சத்தம் போடவில்லை. அவள் கூப்பிடாமல் பின்னாலேயே நடந்தாள். பாதை முடியவே இல்லை, அதில் அவளுக்குப் பயமும் இல்லை. விழித்தபோது காவலூர் தாண்டியிருந்தது. மேகம் சாலையில் இறங்கி, லாரிக்கு முன்னால் மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுத்தாள். காலையில் புற்றுக்குப் பால் ஊற்றினாள். இரண்டையும் ஒரு நாளும் விடவில்லை. கார்த்திகையில் கோணி கூரைவரை ஏறியது. ஒரு ஓணானைத் துரத்தியது. வரப்பில் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

"பாத்தியா?" என்றாள் சின்னராசுவிடம்.

"மாத்திர வேல செய்யுது."

"மாத்திரைய நீ தின்னு பாரேன், கூரை ஏறுறியான்னு."

மார்கழி பாதியில் எல்லாம் நின்றது. கோணி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூச்சு வாங்கியது. தொட்டால் விலா எலும்புகளுக்கு நடுவில் விரல் இறங்கியது. மங்கம்மாள் பாலைக் கூட்டினாள், தினமும் முட்டை வைத்தாள். புற்றைச் சுற்றி மண் நனைந்து வழுக்கியது. அந்த ஊசிக்குக் கொண்டுபோகலாமா என்று சின்னராசு ஒருதரம் கேட்டான்.

"கோவம் இன்னும் தீரல. தீந்தா எழுந்துக்கும்" என்றாள்.

தை பிறந்து நசருல்லா வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பின்பக்கம் போனார். பனி இன்னும் கலையவில்லை. புற்றின் முன்னால் வேட்டித் துணியில் பூனையைப் படுக்கவைத்து, பால் சொம்போடு மங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். பூனையின் வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பு முழுதும் தூக்கிப் போட்டது.

அவர் பக்கத்தில் குந்தினார்.

"டாக்டர் சொன்னது இந்தப் புத்து இல்லம்மா."

"வேற எந்தப் புத்து? இந்தப் பக்கம் வேற கெடையாதே."

"நோவுக்குப் பேரு அது. கேன்சர்ன்றாங்க பாரு, அது. பேரு மட்டும்தான் ஒண்ணு. பாம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அது ரத்தத்துக்குள்ள கீது."

மங்கம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். புற்றைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள்.

"ரத்தத்துக்குள்ள எப்புடி பாய் பால் ஊத்துறது?"

நாவல் மரத்திலிருந்து பனி நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன் மூஞ்சப் பாத்துட்டு சொல்ல வரலம்மா."

அவள் பூனையின் கறுப்புக் காதை இரண்டு விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குத்தான் இன்னா தெரியும் பாவம்" என்றாள், புற்றைக் காட்டி. "நான் வெச்சேன், அது தின்னுச்சு." பிறகு, "அந்த ஊசி வலிக்குமா?"

"குத்துறப்ப வலிக்கும். அப்புறம் ஒண்ணும் இல்லன்னாரு."

"வண்டி எப்ப எறங்குது?"

"நாளைக்குக் காலையில."

மறுநாள் காலை லாரி இறங்கியது. சின்னராசுவும் கூடப் போனான். திருப்பத்தூரில் மருத்துவர் ஊசி போட்டார். அதுவரை மங்கம்மாள் பூனையைக் கையில் வைத்திருந்தாள். மாலைப் பேருந்தில் திரும்பி வந்து, கோணியைச் சாமைக் கொல்லையின் கீழ் ஓரத்தில் புதைத்தார்கள்.