கூரையில் ஒரு கிழிசல்

"கூரையைக் கிழிக்கணும்பா. இன்னிக்கே."

சொல்லிவிட்டேன். அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், எங்கள் தக்காளிக் குடிலின் பிளாஸ்டிக் கூரையில் கத்தி வைக்க மட்டும் சொல்லாதே என்று அம்மா எத்தனையோ தடவை எச்சரித்திருந்தாள். கிரேக்க நாட்டில் அடுத்தவன் பசுமைக்குடிலில் கூலி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது அப்பா லாரியில் ஏற்றி வந்த விரிப்பு அது. ஒரே துண்டு, ஒட்டுப்போடாதது. அல்பேனியாவிலேயே வேறு யாரிடமும் கிடையாது என்பார். பூனை ஏறினால்கூடக் கல்லெடுப்பார்.

அப்பா ராக்கிச் சாராயக் குவளையைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் கிரிஸ்தாக்தான் சிரித்தான்.

"வந்துட்டாங்கய்யா கூட்டுப்பண்ணை ஆபீசர்! சைக்கிளை எங்க நிறுத்தினீங்க மேடம்?"

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் சைக்கிளில் வந்து, மண்ணைத் தொடாமலே எதை விதைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போன வேளாண் அதிகாரிகளை எங்கள் லுஷ்னியே சமவெளி இன்னும் மன்னிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் வேளாண்மை படிக்க. அந்தப் பழி என் தலையில் விடிந்தது.

நேற்று நண்பகலில் அம்மா தக்காளி வரிசைகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தாள். பக்கத் திரைகளையெல்லாம் இறக்கி இழுத்துக் கட்டியிருந்தார்கள். காய் ஏற்றும் லாரி வருவதற்கு முன்னால் இப்படிப் பூட்டி வேகவைத்தால் காய் சீக்கிரம் சிவக்கும் என்பது எங்கள் ஊர் ஆண்களின் ஞானம். கூரைமேல் சுண்ணாம்பு அடித்திருப்பதால் உள்ளே குளுகுளு என்று இருக்கிறதாம். உள்ளே இருப்பவள் அம்மா, சொல்பவர் அப்பா.

"சிவக்காதுப்பா. அந்தச் சூட்டுல காய் மஞ்சளாவே நின்னுடும். பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காம உதிருதே, பார்க்கலையா? பக்கத் திரையைத் தூக்கினா கீழ காத்து வரும். மேல போன சூடு வெளிய போக வழி வேணும். உச்சியில, கடல் காத்து அடிக்காத பக்கமா, நீளமா ஒரு கிழிசல். ரெண்டு ஓரமும் மரச்சட்டம் வச்சு ஆணியடிச்சா மேல கிழியாது. தூக்கி நிறுத்தப் பழைய தண்ணிக் குழாய், மூடித் திறக்க ஒரு கயிறு. எல்லாம் கொட்டகைக்குப் பின்னாடியே கிடக்கு. புதுசா எதுவும் வாங்க வேணாம்."

"காத்து உள்ள பூந்துச்சுன்னா விரிப்பு பறந்து அடுத்த ஊர்ல போய் விழும்," என்றார் அப்பா. " அப்ப உன் பட்டத்தைக் கொண்டுவந்து மூடுவியா?"

"அந்தக் காகிதம் சின்னதுப்பா. ஒரு செடிக்கே பத்தாது," என்றான் கிரிஸ்தாக்.

"நீ வாயை மூடு. நேத்து அம்மாவைத் தூக்க வந்தியா? காபிக் கடையில கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருந்த."

அவன் முகம் கறுத்தது.

"விடுடி ரொவேனா," என்றாள் அம்மா. "வெயில்னா தலை சுத்தத்தான் செய்யும். ஈரத்துணி கட்டிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே தலைத்துணியைக் குழாயில் நனைத்தாள். சாயங்காலம் லாரி வருவதற்குள் பெட்டிகளை நிரப்ப வேண்டும். மறுபடியும் குடிலுக்குள் போகத் தயாராகிவிட்டாள். அவள்மீதும் கோபம் வந்தது. அப்பாமீது வந்ததைவிட அதிகமாகவே.

"கிரேக்க முதலாளிகிட்ட காலைல உங்க முதல் வேலை என்னப்பா?"

அவர் குவளையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"கூரை ஜன்னலைத் திறக்கிறது. நீங்களே பெருமையா சொன்னதுதான். அவன் தக்காளிக்குத் திறந்து விட்டீங்க. அம்மாவுக்குத் திறக்க மாட்டீங்க."

குவளையை மேசையில் அறைந்தார். பாலாடைக்கட்டித் தட்டு துள்ளியது.

"அது அவன் கூரை! இது என் கூரை! இதுல கை வைக்கிறவ எவளா இருந்தாலும் இந்த வீட்டுல படுக்கக் கூடாது. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வேற இடத்துல படுத்துக்கறேன்."

அம்மா என் கையைப் பிடித்தாள். "மன்னிப்புக் கேட்டுருடி. உன் காலைப் பிடிக்கிறேன்."

"நீ முற்றத்து நிழல்ல போய் உட்காரு. நான் கூப்பிடாம குடிலுக்குள்ள வராத."

பெட்டிக் கயிறு அறுக்கும் கத்தி கதவோரம் தொங்கியது. எடுத்துக்கொண்டேன். கிரிஸ்தாக் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"நகரு."

"அப்பா சொன்னதுக்கு அப்புறமுமா?"

"அப்பா சொன்னதாலதான். நகருடா."

நகர்ந்தான். அப்பா என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, வெளியே சாத்தியிருந்த ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு குடிலை நோக்கி நடந்தேன்.