ஆறடி உயரக் கூட்டாளி

மலேசியாவின் கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு முந்தின நாள் மாலை போலீஸ் சுட்டது ஒரே ஒரு குண்டு. அதை நேரில் பார்த்தவர்கள் மட்டும் நானூறு பேருக்குக் குறையாது. அன்றைக்கு ஈப்போவில் அத்தை வீட்டில் இருந்தவர்கள்கூட, "என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு" என்று ஆரம்பித்தார்கள். கேட்கிறவன் பாவம், எத்தனை பேரைத்தான் நம்புவான்.

உண்மையிலேயே பக்கத்தில் நின்று பார்த்தவள் புஷ்பவல்லி. பூக்கடைக்கு மேல்மாடியில் ரவிக்கை தைக்கிறவள். வயது ஐம்பத்தெட்டு, உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் கம்மி. வாய் மட்டும் நல்ல உயரம்.

அன்றைக்குப் பொங்கல் ரவிக்கை கேட்டு வந்த பெண்கள் அவளை விட்டால்தானே. மாலை ஆறு மணிக்குக் கீழே இறங்கினால், தெரு முழுக்கத் தோகை கிடக்கிறது, கரும்பைக் காணோம். மறுநாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். பானைக்குப் பக்கத்தில் கரும்பு இல்லையென்றால் அந்த அம்மாள் தன் ஊரான ஷா ஆலம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். புஷ்பவல்லி நாலு கடை ஏறி இறங்கினாள். நாலிலும் கையை விரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு பையன் கடைசிக் கரும்பை வாங்கிக்கொண்டு போனான். மோட்டார் சைக்கிளில் வைக்கத் தோதாக மூன்றடிக்கு வெட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றி, சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. புஷ்பவல்லி அதைப் பார்த்த பார்வையில் கரும்பு வாடாமல் இருந்ததே பெரிய காரியம்.

அந்த நேரம் பார்த்து, சங்கிலி பறித்தவன் ஒருவனைத் தேடி இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டத்துக்குள் ஓடி வந்தார்கள். நில் என்று மலாயில் கத்தினார்கள். பையன் பெயர் கிஷன். மேருவில் ஒரு கிடங்கில் வேலை. அவன் மோட்டார் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நின்றது, ரோட் டேக்ஸ் முடிந்து மூன்று மாதம். தனக்குத்தான் அபராதச் சமன் எழுத வருகிறார்கள் என்று நினைத்து மோட்டாரைப் பார்த்து ஓடினான். ஓடினவன் கையில் நீளமாக ஏதோ ஒன்று. சுட்டுவிட்டார்கள். குண்டு கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போனது.

கூட்டம் சிதறியது. புஷ்பவல்லி பூக்கடை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கரும்பு உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. சத்தியமாகத் திருட நினைக்கவில்லை. சூரியனுக்குப் படைக்கிற பொருள் மிதிபடக் கூடாது என்றுதான் எடுத்துத் துணிப்பையில் வைத்தாள். ஆம்புலன்ஸ் பையனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இனி யாரிடம் கொடுப்பது? இப்படியெல்லாம் அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். யாரோ போனை முகத்துக்கு நேரே நீட்டி, பையன் கையில் என்ன இருந்தது என்று கேட்டபோது, பையை இடுக்கிக்கொண்டே, "கையில ஒண்ணுமே இல்லைங்க, வெறுங்கை" என்றாள். அந்த வீடியோ ராத்திரிக்குள் நாடு சுற்றி வந்துவிட்டது.

கரும்பு மஞ்சள் தண்ணீரில் குளித்து, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றது. "நல்ல கரும்பு, எங்க வாங்குனீங்க?" என்று சம்பந்தி அம்மாள் கேட்டதற்கு, தெரிந்த கடை என்று சொல்லிவிட்டாள். மாட்டுப் பொங்கலன்று அவளும் கணவன் தம்புசாமியும் அதைக் கடித்துத் தின்று தீர்த்தார்கள்.

நாலாம் நாள் காலை ரெங்கசாமியின் சாப்பாட்டுக் கடையில் தோசை சாப்பிடும்போதுதான் வெடி வெடித்தது. போலீஸ் அறிக்கை விட்டிருந்தது. அந்த ஆள் பாராங் கத்தியோடு அதிகாரியை நோக்கிப் பாய்ந்தான், கத்தியை ஒரு கூட்டாளி எடுத்துக்கொண்டு தப்பிவிட்டான், தேடி வருகிறோம் என்று. கூடவே ஒரு கடையின் கேமரா படம். கிஷன் கையில் நீளமாக ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வெறுங்கை என்று சொன்ன புஷ்பவல்லியின் மானம் அங்கேயே கப்பலேறியது.

கடை இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. போலீஸ் சும்மா சுடுமா, இவன் ஏன் ஓடினான் என்றது ஒரு மேசை. நம்ம பையன் என்றால் முதலில் சுட்டுவிட்டு அப்புறம்தான் பெயரே கேட்பார்கள் என்றது அடுத்த மேசை. பாராங் என்றான் ஒருவன், இரும்புக் குழாய் என்றான் இன்னொருவன், மீன் வெட்டுகிற கத்தி என்று சத்தியம் பண்ணினார் ஒரு பெரியவர். கூட்டாளியை ரெங்கசாமியே பார்த்தாராம். ஆறடி உயரம், தாடி, கறுப்புச் சட்டை, ஓடுகிற ஓட்டத்திலேயே பழைய கேடி என்று தெரிந்ததாம்.

அந்தப் பழைய கேடிக்குத் தொண்டையில் தோசை சிக்கிக்கொண்டது. ரெங்கசாமிதான் தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டினார்.

கிஷன் ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடந்தான். அது கரும்பு என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியென்றால் கரும்பு எங்கே என்று கேட்டார்கள். அவனுக்கு என்ன தெரியும்? "கரும்பாம்லா" என்று சொல்லிச் சொல்லி இரண்டு மேசையும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஆயுதத்தோடு போலீசைத் தாக்கினான் என்று வழக்குப் போட்டால், வெளியே வரும்போது அவனுக்குத் தலை நரைத்திருக்கும்.

அன்றிலிருந்து புஷ்பவல்லிக்குத் தூக்கமில்லை. தையலில் கை ஓடவில்லை, ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டாள். தம்புசாமி நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. வாயை மூடிக்கொண்டிரு, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் வெளியே தலைகாட்ட முடியாது, அதுவுமில்லாமல் ஆதாரத்தை அழித்ததற்கு நம்மையும் பிடித்துப் போடுவார்கள் என்று கெஞ்சினார். அவரும் பாதி தின்றிருக்கிறாரே, பயம் இருக்காதா.

"பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புள்ள உள்ள கெடக்க, நான் எப்படிங்க சோறு திங்கிறது?" என்றாள் புஷ்பவல்லி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மண்டபத்தில் பொதுக்கூட்டம். கிஷனின் வழக்கறிஞர் ஜெயமாலா மேடையில் இருந்தார். பார்த்தவர்கள் வந்து பார்த்ததைச் சொல்லலாம் என்றதும் மைக்குக்கு முன்னால் வரிசை வாசல் வரை போனது. முன்வரிசையில் கிஷனின் தாய் உஷாராணி தொழிற்சாலைச் சீருடையோடு உட்கார்ந்து, ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெங்கசாமி கூட்டாளியின் உயரத்தை ஆறேகாலடியாக ஏற்றியிருந்தார்.

புஷ்பவல்லி வரிசையில் நிற்கவில்லை. நேராகப் போய் ரெங்கசாமி கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"அண்ணே, அந்தக் கூட்டாளி நான்தான்."

மண்டபம் சிரித்தது. ரெங்கசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இரு லா புஷ்பம். அவனுக்குத் தாடி இருந்துச்சு, நான் பாத்தேன்."

ஜெயமாலா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க எடுத்த பொருள் எங்க ஆன்டி?"

"கரும்பும்மா. நானும் எங்க வீட்டுக்காரரும் தின்னுட்டோம்."

அதற்குப் பிறகு மண்டபத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் தம்புசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் இவளும் பொய்சாட்சி என்று கத்தினார்கள். உஷாராணி திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் புஷ்பவல்லி உண்மையில் பயந்தாள்.

ஜெயமாலா கையோடு அவளைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். வாக்குமூலம் எழுதிய மலாய்க்கார சார்ஜன்ட், தின்றுவிட்டாயா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஒப்புக்கொண்டாள். பின்னாலேயே வந்திருந்த தம்புசாமி தன் போனை எடுத்து நீட்டினார். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டுவதற்கு முன்னால் எடுத்த படம்: பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கட்டு அவிழ்க்காத கரும்பு, அதே தாள், அதே சிவப்புக் கயிறு. கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், கயிற்றின் முடிச்சுகூட ஒன்றாக இருந்தது. பையன் பாயவில்லை, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான் என்பதையும் அவள் விடாமல் எழுத வைத்தாள். சுட்ட போலீஸ்காரனுக்கும் சின்ன வயதுதான், கை நடுங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னாள். இரண்டு கட்சிக்கும் பிடிக்காத சாட்சி என்றால் அது இதுதான்.

மூன்று மணி நேரம் கழித்து ஜெயமாலா மேலதிகாரியின் அறையிலிருந்து வந்தார். பாராங் பேச்சு முடிந்தது, சாயங்காலம் வார்டில் காவலை எடுத்துவிடுவார்கள், இனி சுட்டதைப் பற்றித்தான் விசாரணை என்றார். வெறுங்கை என்று பொய் சொன்னதற்குப் புஷ்பவல்லிக்கு ஒரு நல்ல திட்டு கிடைத்ததோடு சரி.

வெளியே பெஞ்சில் உஷாராணி காத்திருந்தாள். அறைந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், காலில் விழுந்தாலும் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டே புஷ்பவல்லி எதிரில் போய் நின்றாள். அந்த வீட்டில் இந்த வருஷம் பொங்கலே வைக்கவில்லை. அவர்கள் கரும்பைத்தான் இவள் படைத்துத் தின்றிருக்கிறாள்.

உஷாராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்ல கரும்பாக்கா? அவனுக்குப் பாத்து வாங்கவே தெரியாது. வருஷா வருஷம் சப்புனு ஒண்ண தூக்கிட்டு வருவான், நானும் திட்டுவேன்."

புஷ்பவல்லிக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. "தேனும்மா. நானும் நாப்பது வருஷமா பொங்கல் வைக்கிறேன், அப்படி ஒரு கரும்பு தின்னதில்ல."

உஷாராணி எட்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து, புஷ்பவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். இத அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."