அசையாத மிதவை

படி வழுக்கியது என்று சொல்லலாம். மழை தூறியது என்று சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் வழுக்கி விழுந்தவளுக்கல்லவா அந்தச் சாக்கு? நான் இறங்கவே இல்லையே.

என்று நினைத்தபடி, அளவீட்டு அறைக்குள் இருந்த கிணற்றை அவள் எட்டிப் பார்த்தாள். ஆற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக இதற்குள் வரும். ஆறு ஏறினால் கிணறும் ஏறும். மிதவை உயர, அதோடு இணைந்த மெஷின் நீர்மட்டத்தைக் காட்டும். அறையின் கதவு தெருப்பக்கம். ஆற்றை அளக்கக் கட்டியவர்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டியே கட்டியிருந்தார்கள். அதனால் தினமும் காலையில் வெளியே சுற்றிப் போய், படியிறங்கி, கரைச்சுவரில் வரைந்த அளவுகோலையும் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது அவள் வேலை.

நேற்று முன்தினம் போகவில்லை. குழாயைச் சேறு அடைத்திருந்தது. வெளியே ஆறு ஏற ஏற, உள்ளே மிதவை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் செய்தாள். தாழ்வான கரையில் அவளுடைய நாற்றுப்பண்ணை.

"அண்ணி, தண்ணி ஏறுமா? கன்னுகளை மேட்டுக்குத் தூக்கிடவா?"

"ஏறாது. நீ போய் டீயைக் குடி."

மத்தியானத்துக்குள் ஒரு கன்று மிச்சமில்லை.

இப்போது அதே நாத்தனார் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணில் சேறு போகவில்லை.

"இன்ஜினியர் வந்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி. மெஷினுக்கு என்ன, மானமா ரோஷமா?"

"குழாய் அடைச்சா மெஷின் என்ன பண்ணும்?"

"ஐயோ, நியாயம் பேசாதீங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். உண்மை தெரிஞ்சா அந்த மனுஷன் உங்க வாசப்படிய மிதிக்கமாட்டார். உங்க வேலையும் போயிடும். போனது என் கன்னு, நானே சொல்றேன், உங்களுக்கென்ன?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நஷ்டப்பட்டவளே வந்து பரிந்து பேசினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதைவிட மோசம், ஒரு கணம் தன் மனம் அந்தப் பொய்யில் சாய்ந்து சுகமாக உட்கார்ந்ததை அவளே பார்த்துவிட்டாள்.

இன்ஜினியர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கிணற்றுக்குள் டார்ச் அடித்தார்.

"மெஷின் பழுதுன்னு எழுதிடலாம்மா. யாருக்கும் தொல்லையில்ல. அன்னைக்குக் காலையில வெளி அளவுகோல் பார்த்தீங்கதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"பாக்காம இருப்பாங்களா சார்? எங்க அண்ணி கடிகாரத்துக்கே நேரம் சொல்றவங்க!" என்று முந்திக்கொண்டு எழுந்து, அண்ணியின் பின்னால் வந்து நின்றாள் நாத்தனார். அவள் விரல்கள் பின்னாலிருந்து இவள் முழங்கையை அழுத்தின.

இவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"இல்ல சார். நான் போய்ப் பாக்கல. மெஷின்னு எழுதாதீங்க."