இரண்டு தட்டும் ஒற்றைச் செருப்பும்

அன்றைக்கு எங்கள் ஜிம்மிலிருந்து மூன்று பேர் சண்டைக்குப் போனார்கள், மூன்று பேரும் தோற்றார்கள். கடைசியாகத் தோற்றவன் என் சொந்தத் தம்பி. அவன் தோற்றான் என்று நடுவர் கை காட்டியதும், எங்கள் மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் பலமாகக் கைதட்டினேன். அரங்கத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜிம்மில் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து ஒரு கூண்டுக்குள் நடக்கும் சண்டை எங்களுடையது. நானும் அதில் பயிற்சி செய்கிறவள்தான். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு பயிற்சியில் என் இடது கால் சுண்டு விரல் உடைந்தது. அதனால் கட்டுப் போட்ட காலை அகலமான செருப்புக்குள் திணித்துக்கொண்டு மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வார நாட்களில் ஒரு கண் கிளினிக்கை ஒட்டிய கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்ப்பேன், பிரேம் மாட்டுவேன், கூட்டம் அதிகமாக இருந்தால் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வேன். அன்றைக்கு என்னால் நிம்மதியாக உட்கார முடியாததற்கு அந்த வேலைதான் காரணம்.

ஐந்து மாதம் முன்பு தம்பி என் கடைக்கு வந்து, இடது கண்ணில் பொட்டுப் பொட்டாகப் பறக்கிறது என்றான். கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். விழித்திரையில் சின்னக் கிழிசல். லேசர் வைத்து ஒட்டினார்கள். ஒரு வருடத்துக்குத் தலையில் அடி படக் கூடாது, பட்டால் பார்வையே போகலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். தம்பி ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரு கண் போனால் அந்த லைசென்ஸும் போகும், வேலையும் போகும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு வந்து போட்டிக்குப் பெயர் கொடுத்தான்.

படிவத்தில் 'கண்ணில் சிகிச்சை உண்டா' என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தான். என் கண்ணால் பார்த்தேன்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிடுவேன்" என்றேன்.

"சொல்லு. அதுக்கப்புறம் உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். அம்மா மேல சத்தியம்."

வேறு யாராவது சொன்னால் போடா என்று விட்டிருப்பேன். இவன் சொன்னால் செய்கிறவன். பள்ளிக்கூட நாளில் அப்பாவின் பைக்கை இவன் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போனதை நான் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தேன். அன்றிலிருந்து இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. ஒரே மேசையில் சாப்பிடுவோம். "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்கம்மா" என்பான், உப்பு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த இரண்டு வருடத்தில் நான் எத்தனை ராத்திரி தலையணைக்குள் அழுதேன் என்று அவனுக்குத் தெரியாது. அதனால் இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இனி எங்கள் ஜிம்மின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் எந்த ஜிம்மிலும், பிடியில் மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால், தோல்வியை ஒப்புக்கொண்டேன், விடு என்று அர்த்தம். எங்கள் ஜிம்மில் மட்டும் அது பாராட்டு. நல்ல பிடி போட்டாய், சபாஷ் என்று முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தொடர்ந்து போராடுவோம். தோற்றால் வாயைத் திறந்து "போதும்" என்று சொல்ல வேண்டும். கை அவசரப்பட்டுத் தோற்றுவிடும், வாய் யோசித்துத்தான் தோற்கும் என்பது மாஸ்டரின் கண்டுபிடிப்பு. கழுத்து நெரிபடும்போது எப்படிப் பேசுவது என்று நான் ஒருமுறை கேட்டேன். "பேச முடியாத அளவுக்கு ஏன் விட்டே?" என்று திருப்பிக் கேட்டார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ஆனால் போட்டிக்குப் போகும் வேனில் அவரே மூன்று தடவை சொன்னார். "அங்க போய் யாரும் யாரையும் தட்டிக்குடுத்துத் தொலைக்காதீங்க. நடுவர் சண்டையை நிறுத்திடுவாரு. புரிஞ்சுதா?" எல்லோரும் புரிந்தது என்றார்கள். தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கூடைப்பந்து அரங்கத்தின் நடுவில் கூண்டை அமைத்திருந்தார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள், எங்கும் வலித் தைலத்தின் வாசனை. மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பம். அங்கே வந்திருந்த டாக்டர் ஒவ்வொருவர் கண்ணிலும் டார்ச் அடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். தம்பிக்கு மொத்தம் பத்து விநாடி. விழித்திரைக் கிழிசல் அந்த டார்ச்சுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். அந்த டாக்டர் பாவம், அவர் மேல் என்ன தப்பு.

எங்கள் ஆட்களில் முதலில் பேக்கரி அண்ணன் இறங்கினார். விடியற்காலையில் எழுந்து மாவு பிசைகிற கை, பிடித்தால் விடாது. பிடிக்கத்தான் வாய்ப்புக் கிடைக்கவில்லை. முதல் நிமிடம் முடிவதற்குள் வயிற்றின் வலப்பக்கத்தில் ஓர் உதை விழுந்தது. அண்ணன் முழங்காலிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். எழுந்ததும் உதைத்த பையனிடம் போய், "கால் வலிக்கலையேப்பா?" என்று கேட்டார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

அடுத்தவனை நாங்கள் லிஃப்ட் என்று கூப்பிடுவோம். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வாய் ஓயாது. மூன்று சுற்றும் நின்று சண்டை போட்டுப் புள்ளியில் தோற்றான். மூக்கில் பஞ்சோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மூச்சு ரெண்டாவது மாடியிலயே நின்னு போச்சுக்கா. அதுக்கு மேல ஏறவே மாட்டேன்னுடுச்சு."

சிரித்தேன். ஆனால் என் கண் கூண்டின் வாசலில் இருந்தது. வலி பொறுக்காமல் செருப்பு இரண்டையும் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

தம்பி உள்ளே போனான். எதிராளி அவனைவிட உயரம், வலக் கைக்காரன். வலக் கைக் குத்து வந்து விழுகிற இடம் இவனுடைய இடது கண். மணி அடித்த அரை நிமிடத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். தம்பி தாடையை இடப்பக்கம் திருப்பி வைத்திருந்தான். கடையில் தினமும் பார்க்கிறேன். ஒரு கண் சரியில்லாதவர்கள் முகத்தைச் சற்றுத் திருப்பி, நல்ல கண்ணை முன்னால் கொண்டுவருவார்கள். அவர்களுக்கே அது தெரியாது. தம்பி அதைத்தான் செய்துகொண்டிருந்தான். கண்ணுக்குக் காவலாகத் திருப்பினானா, இல்லை பார்வை ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறதா?

முதல் சுற்றில் அந்தப் புருவத்தில் இரண்டு குத்து விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் லிஃப்ட்டின் தொடையை நான் கிள்ளியதாக அவன் பிறகு சொன்னான். இடைவேளையில் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். மாஸ்டர் அவன் காதில் ஏதோ சொன்னார். அவர் முகத்தில் அத்தனை நம்பிக்கை. ஒன்றும் தெரியாத மனிதர்.

இரண்டாவது சுற்று தொடங்கியதும் மறுபடி ஒரு குத்து, அதே இடத்தில். தம்பி கண்ணைச் சிமிட்டினான். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

போதும் என்று எனக்குத் தோன்றியது. பேசாவிட்டால் பேசாமல் போகட்டும். இரண்டு வருடமோ, ஆயுசு முழுவதுமோ. குருட்டுக் கண்ணோடு என்னிடம் பேசுகிற தம்பியைவிட, இரண்டு கண்ணாலும் என்னை முறைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற தம்பி எனக்குப் போதும். காலில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு எழுந்து வேகமாக மாஸ்டரின் பக்கம் நடந்தேன்.

அதற்குள் எதிராளி தம்பியைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டான். பின்னாலிருந்து கட்டிக்கொண்டு கழுத்துக்குக் கை போட்டான். தம்பியின் முகத்தின் வலப்பக்கம் தரையோடு அழுந்திக் கிடந்தது. எங்கள் பக்கம் தெரிந்தது இடப்பக்கம் மட்டும், புருவம் வீங்கி.

"தாடையை இறக்குடா. பிடி கழுத்துல இன்னும் ஏறல, தாடையை இறக்கு" என்று மாஸ்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அவன் கண்ணு..." என்றேன். அவர் காதில் விழவில்லை. தோளைப் பிடித்து இழுத்தேன். "மாஸ்டர், நான் சொல்றதைக் கேளுங்க."

அவர் திரும்புவதற்குள் தம்பியின் கை மெல்ல எழுந்தது. எதிராளியின் முன்கையில் இரண்டு தட்டுத் தட்டியது.

நடுவர் பாய்ந்து விலக்கிவிட்டார். சண்டை முடிந்தது. கட்டிப்பிடித்திருந்தவனே ஒன்றும் புரியாமல் விழித்தான். மாஸ்டர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் நான் கைதட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. இனி யாரும் அவன் முகத்தில் குத்த மாட்டார்கள் என்பது மட்டும்தான் மனத்தில் இருந்தது. அத்தனை நிம்மதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

உடை மாற்றும் அறையில் மாஸ்டர் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். "என்னாலதான். நல்லா வெளிய வந்திருப்பான். பழக்கதோஷத்துல சபாஷ் போட்டுட்டான். இந்தப் பாழாப்போன பழக்கத்தை ஆரம்பிச்சதே நான்தானே."

பேக்கரி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவருக்கு ஆறுதல் சொன்னார். "மூணு பேரும் தோத்தாச்சு. ஒருத்தன் ஜெயிச்சிருந்தா மத்த ரெண்டு பேருக்கும்தான் கஷ்டம்" என்றான் லிஃப்ட். யாரும் சிரிக்கவில்லை. தம்பி கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடித்துப் பின்வாசல் படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெளியே இன்னும் நல்ல வெயில்.

"கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பொட்டு பறக்குதா? ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருக்கா? பொய் சொன்னே, பல்லைப் பேத்துடுவேன்."

"அதுக்குத்தான் இவ்ளோ நேரம் ஒருத்தன் முயற்சி பண்ணினான்." ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தான். "இல்லக்கா. ஒண்ணும் பறக்கல."

"உள்ள அந்த மனுஷன் தன்மேலயே பழி போட்டுக்கிறாரு. மூணு தடவை சொல்லியும் பழக்கத்துல தட்டிட்டு வந்து நிக்கிறே."

"பழக்கம் இல்லக்கா. விடச் சொல்லித்தான் தட்டினேன்."

நான் நம்பவில்லை. "பிடி கழுத்துல ஏறவே இல்லையேடா. வெளிய வந்திருக்கலாமே."

"வந்திருப்பேன். நீதான் எழுந்து வந்துட்டியே." துண்டை மடித்தான், பிரித்தான். "மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது, மாஸ்டர்கிட்ட சொல்லப் போறேன்னு. நீ சொல்லிட்டா நான் பேசாம இருக்கணும், சத்தியம் பண்ணித் தொலைச்சிருக்கேன். போன தடவை ரெண்டு வருஷம். அது உனக்கு எப்படி இருந்துச்சோ, எனக்கு நரகமா இருந்துச்சுக்கா. வீம்புக்கு ஆரம்பிச்சுட்டு எப்படி நிறுத்தறதுன்னே தெரியல. இன்னொரு தடவை என்னால முடியாது. நீ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடணும்னு தட்டிட்டேன்."

தோளில் ஒரு குத்து விடலாம் என்று கையை ஓங்கினேன். அப்போதுதான் என் கடைப் புத்தி விழித்துக்கொண்டது.

"இரு. என்னை எப்படிப் பார்த்தே? உன் வலது கண்ணு தரையில அழுந்திக் கிடந்துச்சே."

"இன்னொரு கண்ணு இருக்குல்ல."

"இடது கண்ணாலயா?"

"அதாலதான். நொண்டிக்கிட்டே வந்தே. ஒத்தைச் செருப்போட."

"எந்தக் காலு?"

"என்னக்கா இது, விசாரணையா? வலது காலு. நீலப் பட்டி வெச்ச செருப்பு. இடது கால்ல வெறும் கட்டு மட்டும்."

குனிந்து பார்த்தேன். வலது காலில் நீலப் பட்டி. இடது செருப்பு மூன்றாவது வரிசையில் நாற்காலிக்கு அடியிலேயே கிடக்கிறது. அந்த நேரம் வரை அது எனக்கே தெரியாது. குத்து வாங்கிய கண், கூண்டின் கம்பி வலைக்கு அப்பால், இருபதடிக்கு மேல் தூரம். எங்கள் கடைப் பலகையில் கடைசி வரிசையைப் படிக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"ஏன்க்கா அழறே? தோத்தது நான்."

"போய் மாஸ்டர்கிட்ட எல்லாத்தையும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். வரும்போது என் செருப்பை எடுத்துட்டு வா. கிளினிக் ஆறு மணி வரைக்கும் இருக்கும், நேரா போறோம்."

"அதான் நல்லாத் தெரியுதே."

"நட."

போனான். சிறிது நேரத்தில் கதவுக்கு உள்ளிருந்து மாஸ்டரின் குரல் ஏறியது. என் தம்பியை அவர் என்னென்ன விலங்கின் பெயரால் அழைத்தார் என்பதை எழுத வேண்டாம். காதுக்கு இதமாக இருந்தது. பத்து நிமிடம் கழித்துக் காது மடல் சிவக்கத் திரும்பி வந்து, என் காலருகில் செருப்பை வைத்தான். கிளினிக் போகும் வழி முழுவதும் என்னைத் திட்டினான், மாஸ்டரைத் திட்டினான், எதிராளியின் உயரத்தைத் திட்டினான். ஒரு நிமிடம்கூட வாயை மூடவில்லை. நான் ஆட்டோவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ம் கொட்டிக்கொண்டே வந்தேன்.