சாய்ந்து உட்கார்ந்தவர்

மூன்றாவது தடவையும் சியதோரிஸ் தரையில்தான் உட்கார்ந்தார். எதிரே பிரம்பு நாற்காலி சும்மா கிடந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "கட்!" என்று கத்திய இயக்குநர் லெஸ்லி, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

காட்சி இதுதான். ஏமாற்றப்பட்ட மகளுக்காக நியாயம் கேட்டு ஒரு ஏழைக் குடியானவன் நிலக்காரரின் மாளிகை வீடான வலவ்வைக்கு வருகிறான். யாரும் சொல்லாமலே அவருக்கு எதிரில் நாற்காலியில் உட்காருகிறான். படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று லெஸ்லி கொழும்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வேடத்துக்கு வரவேண்டிய நடிகருக்குக் காய்ச்சல். நாங்கள் படம்பிடிக்க வந்திருந்த மாத்தறைப் பக்கத்து வலவ்வையில் தேங்காய் பறிக்கிறவர் சியதோரிஸ். அவரைக் கண்டதும், "இந்த முகம் எந்த நடிகனுக்கு வரும்?" என்று லெஸ்லி பிடித்துப் போட்டுவிட்டார். முகம் வந்தது, முழங்கால்தான் வரவில்லை.

நான் உதவி இயக்குநர். ஆட்களைச் சமாளிப்பது என் தலையில். அவரைப் பலாமரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

"ஒரு நிமிஷம் இருந்திட்டு எழும்பினாக் காணும் அண்ணே. இது விளையாட்டு."

"உங்களுக்கு விளையாட்டு மாத்தயா. என்ட வீடு ஹாமினேட காணியிலதான் இருக்கு. வாற மாசம் மகள்ட கலியாணம், அந்த வாசல்லதான். ஹாமினே ஜன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்கிறா." சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார். "ஹாமினே சரியெண்டு சொன்னாவா?"

வலவ்வையின் சொந்தக்காரி ஹாமினே வீட்டைத்தான் எங்களுக்குத் தந்திருந்தார். அதற்குமேல் எதற்கும் சரி சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

"சொன்னா" என்றேன்.

நாலாவது தடவை உட்கார்ந்தார். முதலில் விளிம்பில், எந்த நேரமும் எழும்பி ஓடத் தயாராக. பிறகு வசனத்தைச் சொன்னார்: "நான் பிச்சைக்கு வரேல்லை." சொல்லி முடித்ததும் என்ன தோன்றியதோ, உடம்பைப் பின்னால் விட்டு நன்றாகச் சாய்ந்துகொண்டார். தென்னையைத் தவிர வேறெதிலும் சாய்ந்தறியாத முதுகு. லெஸ்லி "கட்" சொல்ல மறந்துபோனார். எல்லோரும் கைதட்டினோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அவருடைய மகள் சோமலதா எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலிசெய்யச் சொல்லி ஆள் வந்துபோயிருக்கிறது.

"அப்பா உங்களைக் கோவிக்கேல்லை. ஒருக்கா ஹாமினேட்டச் சொல்லுங்கோ மாத்தயா. நீங்க சொன்னாக் கேப்பா."

போனேன். ஹாமினே முன் விறாந்தையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பிரம்பு நாற்காலி. மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலுக்கு வைத்திருந்தது.

"பிழை என்னுடையது ஹாமினே. நீங்க சரி சொன்னதா அவருக்கு நான்தான் பொய் சொன்னனான்."

அவர் கோபப்படவில்லை. "இருந்ததுக்கு ஒண்டுமில்லை தம்பி. படம்தானே. சாய்ஞ்சானே, அது உங்கட புத்தகத்தில எழுதியிருந்ததோ?"

திரைக்கதை என் கக்கத்தில் இருந்தது. அதில் அப்படி ஒரு வரி இல்லை. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். முந்தின நாள் யோசிக்காமலே வந்த பொய்தான், இப்போது வாய்வரைக்கும் வந்து நின்றது. திறந்து காட்டு என்று கேட்டுவிட்டால்? அந்த வீட்டில் இன்னும் நாலு நாள் வேலை பாக்கி. விளக்குகளைத் தூக்கச் சொல்லி உள்ளே லெஸ்லி கத்திக்கொண்டிருந்தார்.

"இல்லை ஹாமினே" என்றேன்.

"எனக்குத் தெரியும்." அவர் முகம் தெளிந்தது. "நல்ல குடும்பத்துப் பிள்ளை, கேட்டா உண்மையைச் சொல்லுது. இருங்கோ, தேத்தண்ணி வருது."

அவர் கை காட்டியது அந்த நாற்காலியை. உட்காரக் கூடாது என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். பிரம்பு இன்னும் காயவில்லை. ஈரம் கால்சட்டையில் மெல்ல ஊறியது. வேலிக்கு அந்தப் பக்கம் சோமலதா நின்றிருந்தாள், நான் பேசி முடித்து வரட்டும் என்று.