பயில்வான் தேடிய கேசட்

கடைக்காரர் வீடியோ கேம் பெட்டியில் கேசட்டைச் சொருகிக்கொண்டிருந்தபோது பயில்வானின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அக்கா. அப்படியே மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

பயில்வான் என்பது வீட்டில் வைத்த பெயர். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிற பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று அம்மா கேட்பாள். நாற்பதைத் தாண்டியும் பெயரும் போகவில்லை, பயமும் போகவில்லை. ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஊரார் சாவையெல்லாம் நாள் முழுக்கக் கணினியில் ஏற்றுவான். வீட்டில் அம்மா இரண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் மட்டும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான்.

டாக்டர் கையை விரித்த மறுநாள்தான் அம்மா அவனைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தாள். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி, சலித்துப்போய்ப் பரணில் போட்ட வீடியோ கேம் பெட்டியை இறக்கி, இத்தனை வருடமாக ஆடியவள் அவள்தான். பஸ் கம்பெனி கவுண்ட்டரில் டிக்கெட் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சுரங்கத்துக்குள் விளக்கோடு ஓடும் குட்டி மனிதனைக் கொஞ்ச நேரம் குதிக்க வைத்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது முடியும். அந்தக் கேசட் துருவேறிச் செத்துவிட்டது.

"பழைய விளையாட்டையெல்லாம் ஒரு மெமரி கார்டுல ஏத்தி, அந்த கார்டைப் போடற மாதிரி கேசட் வந்திருக்காம்டா. நம்ம பெட்டியிலயே ஓடுமாம். தேடிக் கொண்டா."

அவனும் தேடினான். ஒருவன் கையடக்கப் பொம்மை ஒன்றைக் காட்டி இதிலேயே எல்லாம் இருக்கிறது என்றான். இன்னொருவன் கொடுத்ததில் விளக்கு மட்டும் எரிந்தது. வெறுங்கையோடு திரும்பிய நாள்களில் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நாளைக்கும் வெளியே போகக் காரணம் இருக்கிறதே. இப்போது பழைய சாமான் சந்தையின் அடித்தளத்தில், ரேடியோக்களுக்கு நடுவே, அது கிடைத்தே விட்டது. கடையின் டிவியில் குட்டி மனிதன் ஓடிக்கொண்டிருந்தான்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"எடுங்க சார், யாரோ அவசரமா கூப்பிடறாங்க" என்றார் கடைக்காரர்.

எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"கடையில. கிடைச்சிடுச்சுக்கா."

"மூச்சு விட்டு விட்டு வருதுடா. நர்ஸ் எல்லாரையும் வரச் சொல்லிட்டாங்க. உடனே கிளம்பு." அக்காவின் குரல் இறங்கியது. "அப்பாவுக்குப் பண்ண மாதிரி பண்ணிடாத."

அப்பா போனபோது அவன் மருந்துக் கடையில் நின்றிருந்தான். மருந்து கைக்கு வந்த பிறகும் நின்றிருந்தான்.

"இன்னொரு விளையாட்டையும் போட்டுக் காட்டுங்களேன்." சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

கடைக்காரர் போனைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். கேசட்டை உருவி அவன் உள்ளங்கையில் வைத்தார். "நல்லா ஓடுது சார். நீங்க கிளம்புங்க."

வீட்டு மாடிப்படியை ஏறி வந்தான். கதவு திறந்தே கிடந்தது. அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

அம்மாவின் கட்டிலை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்தார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்த்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்ற விட்டிருக்க மாட்டாள். நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் பயில்வானும் மூச்சு விடவில்லை.

"வந்துட்டியா பயில்வான்." பாதி காற்றாக வந்தது குரல். "கிடைச்சுதா?"

காட்டினான். மண்டியிட்டுப் பெட்டியில் சொருகினான். போகவில்லை. திருப்பிப் பார்த்தான். கடையில் இருந்த பெட்டி வேறு நாட்டு மாடல் போலிருக்கிறது. இந்தப் பெட்டியின் வாய்க்குள்ளே இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் பல் ஒன்று நீட்டிக்கொண்டு இடித்தது.

"சேரலம்மா. நான் போய் மாத்திட்டு வந்துடறேன்." சொல்லும்போதே அவன் எழுந்து கதவுப் பக்கம் திரும்பியிருந்தான்.

அக்கா கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பிளையர் எடு" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"ரெண்டு பல்லையும்... உடை."

"பெட்டி கெட்டுப் போயிடும்மா."

"யாருக்கு வேணும் இனிமே? உடைடா."

முதல் பல் பிடிக்குள் வழுக்கி வழுக்கி ஓடியது. அப்புறம் படக்கென்று முறிந்தது, இரண்டாவதும் முறிந்தது. கேசட் உள்ளே போய் உட்கார்ந்தது. சுரங்கத்தின் அந்தப் பழைய டிங்-டிங் இசை அறைக்குள் கேட்டதும் நர்ஸ்கூட டிவியைப் பார்த்தார்.

ஜாய்ஸ்டிக்கை அம்மாவின் கையில் வைத்தான். விரல்கள் மடங்கவில்லை.

"நீ ஆடு. இங்க உக்காரு, எனக்கு முன்னால."

"எனக்கு வராதும்மா. கை நடுங்குது."

"நடுங்கட்டும்."

கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். அக்கா அம்மாவின் கையைத் தூக்கி அவன் தோளில் வைத்தாள். அது குளிர்ந்திருந்தது. அதன் குளிர்ச்சிக்கே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"குதி" என்றாள் அம்மா.

குதித்தான். பள்ளத்தில் விழுந்தான்.

"அவசரப்படற." அம்மா சிரித்தாள், அது இருமலாக மாறியது. பயில்வான் எழப் போனான். தோளில் இருந்த கை லேசாக அழுத்தியது. உட்கார்ந்தான்.

"நில்லு... நில்லு... இப்ப."

தாண்டிவிட்டான். இத்தனை வருடத்தில் அவன் தாண்டியதே இல்லை. அடுத்த பள்ளம், அதற்கடுத்த ஏணி. "இப்ப" என்பது மெல்ல மெல்லத் தேய்ந்து வெறும் விரலசைவானது. விரல் அசைந்தால் குதித்தான்.

அகலமான பள்ளம் ஒன்று வந்தது. விளிம்பில் நிறுத்திக் காத்திருந்தான். விரல் அசையவில்லை.

"அம்மா, இப்பவா?"

கை முன்பைவிடக் கனமாக இருந்தது. நர்ஸ் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. பின்கழுத்திலிருந்து பயம் முதுகெல்லாம் இறங்கியது. கண்ணை டிவியிலேயே வைத்திருந்தான்.

"டேய்" என்றாள் அக்கா. "திரும்புடா."

"ஒரு நிமிஷம்கா. இந்தப் பள்ளம் மட்டும்."

அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டுதான் பேசினாள்.

"இந்த நேரத்துல அவனை எதுக்குக் கடை கடையா அலைய விடறன்னு நேத்து அம்மாகிட்ட சத்தம் போட்டேன். விளையாட்டு யாருக்குடி வேணும்னு கேட்டா. 'வெறுங்கையோட என் பக்கத்துல வர அவனுக்கு பயம். கையில ஏதாவது கொடுத்தா வந்துடுவான்'னா."

பயில்வான் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தான். தோளிலிருந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

அம்மாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. கண்ணாடியில் டிவி வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. அதை மெதுவாகக் கழற்றினான். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்தியிருந்த தடம் இன்னும் சிவப்பாகவே இருந்தது.